சின்ன தேசத்துப் படங்கள்

ஹாலிவுட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்முடைய படித்த நண்பர்கள் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அங்கே பணம் இருக்கிறது, கலை வேண்டுமானால் ஐரோப்பாவில் சின்ன தேசத்துப் படங்களைப் பாருங்கள்" என்பார்கள். பிலிம் சொஸைட்டியில் நாலு படம் பார்த்தவுடன் யாருக்கும் வந்துவிடக்கூடிய அபிப்பிராயம். முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் பணம் இல்லாத இடத்தில் கலை தானாக முளைத்துவிடும் என்றால் உலகத்தில் கலைக்குப் பஞ்சமே வந்திருக்காது. இரண்டு வகைப் படங்களுக்கும் வித்தியாசம் இருப்பது வாஸ்தவம். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. டென்மார்க் தேசத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் டென்மார்க்கே ஒரு ஹாலிவுட்டாக இருந்தது என்பதால் அது இந்தப் பரீட்சைக்கு மிகவும் தோதான இடம்.

அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 60 லட்சம். சென்னைப் பட்டணத்தில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய டேன் பாஷை ஸ்வீடன், நார்வேக்காரர்களுக்குப் பாதி புரியும்; அதற்கு அப்பால் யாருக்கும் புரியாது. வருஷத்துக்கு இருபது முப்பது கதைப் படங்கள் எடுக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு டேன்காரர்கள் என்றால் தரங்கம்பாடிக் கோட்டை ஞாபகம் வரும். 1620-ல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்து இறங்கி, மிளகும் துணியும் வாங்கி விற்று, 1845-ல் இடத்தையே இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியவர்கள். வியாபாரம் தெரிந்த ஜனங்கள். சினிமாவுக்கும் அவர்கள் வியாபாரிகளாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

1906-ல் ஓலே ஓல்சன் என்பவர் கோபன்ஹேகனில் நார்டிஸ்க் என்ற படக்கம்பெனியை ஆரம்பித்தார். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் வேடிக்கை காட்டிப் பிழைத்த மனிதர் அவர். பூமி உருண்டையின் மேல் ஒரு வெள்ளைக் கரடி நிற்பது கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரையே ஓல்சனுடைய மனசைக் காட்டிவிடுகிறது. டென்மார்க் அல்ல, உலகம்தான் அவருக்குக் கடைவீதி. அடுத்த வருஷமே ஒரு சிங்க வேட்டைப் படம் எடுத்தார். சிங்கத்துக்கு டென்மார்க்கில் எங்கே போவது? ஹாம்பர்க்கிலிருந்து இரண்டு கிழட்டுச் சிங்கங்களை விலைக்கு வாங்கி வந்து, ஊருக்குப் பக்கத்துக் காட்டையும் ஒரு சின்னத் தீவையும் ஆப்பிரிக்கா ஆக்கிவிட்டார். மிருகங்களைச் சுடக்கூடாது என்று சட்ட மந்திரி தடை போட்டார். தடையை மீறிச் சிங்கங்களைச் சுட்டுப் படத்தையும் முடித்தார்கள். வெளிநாடுகளில் படம் சக்கைப்போடு போட்டது. (ஜீவகாருண்யம் மிகுந்த அந்த மந்திரி மறுவருஷமே பெரிய பண மோசடி ஒன்றில் அகப்பட்டுக்கொண்டு சிறைக்குப் போனார். அது வேறு கதை.)

இதெல்லாம் நடந்த சமயத்தில் ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோகூடக் கிடையாது. 1911-ல்தான் முதல் ஸ்டூடியோ அங்கே வந்தது. அதற்கு முந்திய வருஷமே, 1910-ல், அஸ்டா நீல்ஸன் என்ற நடிகை 'பாதாளம்' என்ற டேன் படத்தில் நடித்து ஐரோப்பா முழுவதும் பிரசித்தி பெற்றுவிட்டாள். மேடை நடிகையாக அவளுக்கு அவ்வளவாக மதிப்புக் கிடைக்கவில்லை. காமிராவுக்கு முன் வந்து நின்றதும், கையை வீசி மார்பில் அடித்துக்கொள்ளாமல் கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லலாம் என்று காண்பித்தாள். ஒரே படத்தோடு ஜெர்மன்காரர்கள் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன தேசம் வளர்த்ததைப் பெரிய தேசம் பறித்துக்கொள்ளும் வழக்கம் ஹாலிவுட் கண்டுபிடித்தது அல்ல.

1913-ல் வந்த 'அட்லாண்டிஸ்' என்ற படத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஹாப்ட்மனின் நாவல். நடுக்கடலில் ஒரு பெரிய கப்பல் முழுகுகிறது. டைட்டானிக் முழுகி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. இந்தப் படத்தில் சின்ன வேஷம் போட்ட ஒரு ஹங்கேரிய இளைஞர்தான் பிற்காலத்தில் மைக்கேல் கர்ட்டிஸ் என்ற பெயரோடு ஹாலிவுட்டுக்குப் போய் 1942-ல் 'காஸாப்ளாங்கா'வை எடுத்தவர். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. 'அட்லாண்டிஸ்' படத்துக்கு இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஒன்றில் கதாநாயகனான டாக்டர் துன்பமெல்லாம் தீர்ந்து சுகமாக வாழ்கிறான். இன்னொன்றில் செத்துப்போகிறான். இரண்டாவது, ருஷ்யாவுக்கு. ருஷ்யர்கள் அழுதுகொண்டே கொட்டகையைவிட்டு வெளியே வர ஆசைப்படுகிறவர்கள் என்று கம்பெனிக்கு வியாபாரத் தகவல். சரி, அழட்டும் என்று ஒரு ரீலை மாற்றி அனுப்பினார்கள். நார்டிஸ்க் இப்படிப் பல படங்களுக்குச் செய்தது.

கதை எழுதுகிறவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்களுக்கு ஓர் அநுபவம் உண்டு. பதினைந்தாவது அத்தியாயத்தில் கதாநாயகிக்கு ஜுரம் வந்துவிட்டால் போதும், "அவளைக் கொன்றுவிடாதீர்கள்" என்று கடிதங்கள் வந்து குவியும். பத்திரிகாசிரியர் அந்தக் கட்டைச் சிரித்துக்கொண்டே மேஜைமேல் வைப்பார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க்கிலும் ஹாலிவுட்டிலும் நான் பார்க்கிற வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடைசி ரீல் யார் கையில் இருக்கிறது? எடுத்தவன் கையிலா, வாங்குகிறவன் கையிலா? 1913-ல் டென்மார்க் கடைசி ரீலை வாங்குகிறவன் கையில் கொடுத்திருந்தது. அந்த மட்டில் அது அசல் ஹாலிவுட்.

அப்புறம் இரண்டு இடிகள் விழுந்தன. முதல் இடி யுத்தம். ஜெர்மனியில் நார்டிஸ்க்குக்கு இருந்த கொட்டகைகளையும் சொத்துக்களையும் 1917-ல் ஜெர்மன் ராணுவத்தின் தூண்டுதலில் பிறந்த ஊஃபா கம்பெனி சேர்த்துக்கொண்டுவிட்டது. ருஷ்யாவில் அதே வருஷம் புரட்சி. அழுகைக்கும் கிராக்கி போயிற்று. இரண்டாவது இடி பேச்சு. மௌனப் படத்துக்கு இருந்த சௌகரியத்தை எண்ணிப் பாருங்கள். நடுவில் வரும் எழுத்து அட்டைகளை மாற்றிவிட்டால் கோபன்ஹேகன் படம் மாஸ்கோ படமாகிவிடும், பம்பாய்ப் படமாகவும் ஆகிவிடும். 1931-ல் நார்டிஸ்க் டேன் மொழியில் முழு நீளப் பேசும் படம் ஒன்றை வெளியிட்டது. நடிகர்கள் வாயைத் திறந்தார்கள். உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. உருண்டையின் மேல் நின்ற கரடிக்கு நிற்க ஒரு தீபகற்பமும் சில தீவுகளுமே பாக்கி. டென்மார்க்கின் சினிமா சின்ன தேசத்து சினிமா ஆனது அன்றைக்குத்தான்.

உடனே கலை மலர்ந்ததா? இல்லை. இதைத்தான் நம் நண்பர்கள் கவனிப்பதில்லை. வெளி உலகம் இல்லை என்று ஆனதும் டென்மார்க் தன் வீட்டு ஜனங்களுக்கு வேண்டிய லேசான ஹாஸ்யப் படங்களை எடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. பல வருஷங்கள் அங்கே அமோகமாக ஓடியவை 'ஓல்சன் கும்பல்' படங்கள். மூன்று அசட்டுத் திருடர்கள், அபாரமான திட்டம், கடைசியில் தோல்வி. 1968 முதல் 1981 வரை பதின்மூன்று படம், 1998-ல் இன்னும் ஒன்று. சிரிக்க வைக்கும் படங்கள்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் சின்ன தேசத்து ஜனங்கள் எல்லோரும் மாலையில் தத்துவ விசாரம் செய்யத்தான் கொட்டகைக்குப் போகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தேசத்தின் மகா கலைஞனான கார்ல் டிரையரை அது நடத்திய விதம் இன்னும் மோசம். 1919-லிருந்து 1964 வரை நாற்பத்தைந்து வருஷங்களில் அவர் எடுத்த கதைப் படங்கள் பதினாலு. ஜோன் ஆப் ஆர்க்கைப் பற்றிய அவருடைய உலகப் புகழ் பெற்ற படம் 1928-ல் பிரெஞ்சுப் பணத்தில் பிரான்ஸில் எடுத்தது. 1932-க்கும் 1943-க்கும் நடுவில் ஒரு படமும் இல்லை. பத்திரிகையில் எழுதியும் கோர்ட்டு விவகாரங்களை நிருபராக இருந்து எழுதியும் காலம் தள்ளினார். 1952-ல்தான் சர்க்காருக்கு ஏதோ தோன்றி, கோபன்ஹேகனில் டாக்மார் என்ற கொட்டகையை நடத்தும் லைசென்ஸை அவருக்குக் கொடுத்தது. அதாவது பிறர் எடுத்த படங்களை ஓட்டி வந்த லாபத்தில் அந்தப் பெரிய மனிதர் சாப்பிட்டார். ஏசுவின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பணம் சேரவே இல்லை. 1968-ல் இறந்துபோனார்.

டேன்காரர்கள் உணர்ந்து செய்தது பிற்பாடு. 1964-ல் ஒரு சினிமாச் சட்டம், 1966-ல் சினிமாப் பள்ளிக்கூடம், 1972-ல் டேன் பிலிம் இன்ஸ்டிட்யூட். அந்த இன்ஸ்டிட்யூட்டின் ஏற்பாட்டில் ஓர் அம்சம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தக் கதைக்குப் பணம் தருவது என்று தீர்மானிக்கக் கமிட்டி கிடையாது. ஆலோசகர் என்று ஒருவரைச் சில வருஷங்களுக்கு நியமிக்கிறார்கள். கதையைப் படித்து அவர் ஒருவரே சரி அல்லது இல்லை என்கிறார். கெடு முடிந்ததும் அவர் போய்விட வேண்டும். வேறு ருசி உள்ள இன்னொருவர் வருவார். கமிட்டியில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏழு பேர் உட்கார்ந்தால் ஏழு பேருக்கும் ஆட்சேபமில்லாத கதைதான் தேறும். ஏழு பேருக்கு ஆட்சேபமில்லாத கதையை எட்டாவது ஆள் எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு மனிதருடைய ருசி பிசகலாம், சிநேகிதர்களுக்குச் சாயலாம். டென்மார்க்கிலும் அந்த முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஜனங்கள் பார்க்காத படத்துக்கு ஜனங்களின் வரிப்பணமா என்ற கேள்வியும் வந்தது. 1989-ல் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். தயாரிப்பாளர் பாதிப் பணத்தோடு வந்தால், ஜனரஞ்சகமான படமாயிருந்தாலும் மீதிப் பாதியை இன்ஸ்டிட்யூட் போடும் என்பது அன்றைய ஏற்பாடு. ஆக, ஓல்சன் கும்பலின் வாரிசுகளுக்கும் வழி உண்டு, டிரையரின் வாரிசுகளுக்கும் வழி உண்டு. கடைசி ரீலை எடுத்தவன் கையிலேயே விட்டுவைக்க ஒரு தேசம் தன் வரிப்பணத்தில் செலவு செய்கிறது. அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிசு 1988, 1989, 2011, 2021 என்று நான்கு முறை அந்த நாட்டுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1995-ல் பாரிஸில் லார்ஸ் வான் டிரியர் சிவப்புத் துண்டுப் பிரசுரங்களைச் சபையில் வீசி அறிவித்த 'டாக்மா' விரதத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் சுருக்கமாக விட்டுவிடுகிறேன். செட்டுப் போடக் கூடாது, தனியாக விளக்கு வைக்கக் கூடாது, காமிராவைக் கையில்தான் பிடிக்க வேண்டும், கொலை துப்பாக்கி கூடாது, டைரக்டர் பெயர் போடக் கூடாது என்று பத்து விதிகள். டைரக்டர் பெயர் போடாமலே அந்த டைரக்டர்கள் பெயரெடுத்த அளவுக்கு வேறு யாரும் எடுத்ததில்லை. விளம்பரக் கலையில் ஓலே ஓல்சனின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த விரதத்தில் பிறந்த முதல் படம், தாமஸ் விண்டர்பெர்க் 1998-ல் எடுத்த 'விருந்து', விரதமெல்லாம் மறந்துபோன பிறகும் நிற்கும்.

ஒரு பணக்காரத் தகப்பனாரின் அறுபதாவது பிறந்தநாள். உற்றார் உறவினர் கூடிய சாப்பாட்டு மேஜை. மூத்த பிள்ளை எழுந்து, கண்ணாடித் தம்ளரைத் தட்டி, சின்ன வயதில் தகப்பனார் தன்னையும் தன் இரட்டைச் சகோதரியையும் கெடுத்த விஷயத்தைப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்கிறான். அந்தச் சகோதரி தற்கொலை செய்துகொண்டுவிட்டாள். ஹாலிவுட்டாயிருந்தால் இந்த இடத்தில் ஒருத்தி வீரிட்டிருப்பாள். இங்கே சாப்பாடு நடக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள், அடுத்த பதார்த்தம் வருகிறது. மரியாதைப்பட்டவர்கள் விருந்தின் நடுவில் எழுந்து போகலாமா? சமையற்கட்டில் இருப்பவர்கள்தான், விருந்தாளிகள் நழுவிவிடாமல் அவர்களுடைய கார்ச் சாவிகளை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். மறுநாள் காலையில் போலீஸும் வரவில்லை, கோர்ட்டும் வரவில்லை. தகப்பனாரைக் காலை ஆகார மேஜையைவிட்டு எழுந்து போகச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் தண்டனை. அதைவிடப் பெரிய தண்டனையை என்னால் யோசிக்க முடியவில்லை.

வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் ஒரே கதையை இரண்டு இடத்திலும் எடுத்த படங்கள் வேண்டும். அதிருஷ்டவசமாக அப்படிப் பல இருக்கின்றன. அமெரிக்க ஜனங்கள் படத்தின் அடியில் வரும் எழுத்தைப் படிக்கச் சோம்பல்படுகிறவர்கள். ஆகையால் நல்ல டேன் கதையாகப் பார்த்து வாங்கித் திருப்பி எடுத்துவிடுகிறார்கள். 2018-ல் கஸ்டாவ் மொல்லர் என்ற இளைஞர் எடுத்த 'குற்றவாளி' என்ற படத்தை 2021-ல் அமெரிக்காவில் அதே பெயரில் எடுத்தார்கள். டேன் படத்தைத் தயாரித்தது வேறு யாருமல்ல. நம்முடைய பழைய நார்டிஸ்க் கம்பெனியின் கிளைதான். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. படத்தை இனிமேல் பார்க்க உத்தேசித்திருப்பவர்கள் அடுத்த சில பாராக்களைத் தாண்டிப் போய்விடலாம்.

படம் முழுவதும் ஒரே இடந்தான். அவசர உதவிக்கு ஜனங்கள் டெலிபோன் செய்யும் போலீஸ் ஆபீஸ். ஒரு வாலிபனைச் சுட்டுக் கொன்றதற்காக மறுநாள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும் போலீஸ்காரன் ஒருவனைத் தற்காலிகமாக அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் கூப்பிடுகிறாள். புருஷன் அவளை வண்டியில் கடத்திக்கொண்டு போகிறான். வீட்டில் ஆறு வயதுப் பெண்ணும் ஒரு கைக்குழந்தையும். போலீஸ்காரன் டெலிபோனிலேயே அவளைக் காப்பாற்றப் பாடுபடுகிறான். புருஷனைக் கல்லால் அடி என்றுகூடச் சொல்லிக்கொடுக்கிறான். பாதிப் படத்துக்கு மேல்தான் விஷயம் வெளியாகிறது. குழந்தையின் வயிற்றில் பாம்புகள் இருந்தன, நான் எடுத்துவிட்டேன், இப்போது அழுவதில்லை என்கிறாள் அவள். சித்தப் பிரமை பிடித்த தாய். புருஷன் அவளைக் கடத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். தெளிவு வந்து தான் செய்தது தெரிந்ததும் அவள் பாலத்தின் விளிம்பில் போய் நிற்கிறாள். அவளைத் தடுக்கப் போலீஸ்காரனிடம் ஒரே ஒரு பொருள்தான் மிச்சமிருக்கிறது: தன்னுடைய சொந்தக் குற்றம். நானும் ஓர் உயிரைக் கொன்றேன், வேண்டுமென்றே கொன்றேன் என்று ஆபீஸில் மற்றவர்கள் காதில் விழச் சொல்கிறான்.

அமெரிக்கப் படத்தைக் கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். ஜேக் ஜிலன்ஹால் நன்றாக நடிக்கிறார். கதை வரிசையும் கிட்டத்தட்ட அதேதான். லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிக் காட்டுத்தீ எரிகிறது. கதாநாயகனுக்கு ஆஸ்துமா, பார்க்க முடியாத மகள் என்று சில சாமான்கள் கூடியிருக்கின்றன. டேன் போலீஸ்காரனுக்குக் காட்டுத்தீயும் கிடையாது, மூச்சிரைப்பும் கிடையாது. ஒரு டெலிபோன், எதிரில் ஒரு சுவர். ஆனால் சாமான்கள் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் ஒரு தகவல் வருகிறது: குழந்தை பிழைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

இந்த ஒரு தகவலில் படம் தலைகீழாகிவிடுகிறது. டேன் படத்தில் அந்தத் தாய் பாலத்திலிருந்து இறங்கி வரும்போது, செய்ததை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டுதான் இறங்கி வருகிறாள். போலீஸ்காரன் கொன்ற வாலிபனும் திரும்பி வரப்போவதில்லை. மாற்ற முடியாததைச் செய்துவிட்ட இரண்டு பேர் டெலிபோனின் இரண்டு முனைகளில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்றால் அவள் அந்த ஜோடியிலிருந்து விலகிப் போய்விடுகிறாள். அவன் மட்டும் தனியாகக் குற்றவாளி. அவனையும் அமெரிக்கப் படம் சும்மா விடவில்லை. உண்மையைச் சொல்லிவிடு என்று சிநேகிதனுக்கு டெலிபோன் செய்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற செய்தியும் நம் காதில் விழுகிறது. டேன் போலீஸ்காரன் வாசற்பக்கம் போய்ப் பாக்கெட்டிலிருந்து டெலிபோனை எடுக்கிறான். யாரைக் கூப்பிட்டான் என்பதை நாம்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கர்களுக்குக் கல் மனசு இல்லை, நல்ல மனசு. அதனால் குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். நல்ல மனசுதான். ஆனால் அது பார்க்க வந்தவர்மேல் கொண்ட நல்ல மனசு, கதையில் இருப்பவர்மேல் அல்ல. எத்தனையோ கோடிப் பேருக்குப் படத்தைக் காட்ட வேண்டும். அத்தனை பேரில் யாரும் கசப்போடு படுக்கப் போகக் கூடாது. ஹாலிவுட்டில் படத்தை முன்கூட்டிச் சிலருக்குப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் வெகுநாளாக உண்டு. 1987-ல் 'ஃபேடல் அட்ராக்ஷன்' படத்தில் ஒருத்தி தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதாக முடிவு எடுத்திருந்தார்கள். முன்கூட்டிப் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கதாநாயகனின் மனைவி அவளைச் சுட்டுவிடுவதாக மாற்றினார்கள், பணம் கொட்டியது. ருஷ்யாவுக்கு வேறு ரீல் அனுப்பிய அதே வியாபாரம்தான், தலைகீழாக.

துக்கமாக முடிந்தால் கலை, சுகமாக முடிந்தால் வியாபாரம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். சினிமாவில் நான் கண்ட மிகப் பெரிய சுப முடிவு ஒரு டேன் படத்தில்தான் இருக்கிறது. 1955-ல் வந்த டிரையரின் 'சொல்'. நாஜிகள் 1944-ல் சுட்டுக் கொன்ற பாதிரியார் காய் முங்க் எழுதிய நாடகம். ஜட்லண்டில் ஒரு பண்ணை வீடு. பெரிய மருமகள் இங்கர் பிரசவத்தில் இறந்துபோகிறாள். தன்னைக் கிறிஸ்து என்று எண்ணிப் பிதற்றிக்கொண்டிருந்த மைத்துனன் சித்தம் தெளிந்து வந்து, அவளுடைய சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டிக்கு முன் நின்று அழைக்கிறான். செத்தவள் கண்ணைத் திறக்கிறாள். நின்றிருந்த கடிகாரத்தை மறுபடி ஓடவிடுகிறார்கள்.

செத்தவள் பிழைக்கிறாள்! எந்த ஹாலிவுட் முதலாளியும் இவ்வளவு துணிந்ததில்லை. ஆனாலும் நம்புகிறோம். ஏன் நம்புகிறோம் என்று இரண்டு மூன்று தடவை பார்த்தும் நான் யோசித்திருக்கிறேன். இரண்டு மணி நேரப் படத்தில் நூற்றுச் சொச்சம் ஷாட்டுகள்தான். ஜனங்கள் மெதுவாக நடக்கிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், மதச் சண்டை போடுகிறார்கள். டாக்டர் தம் காரைத் திருப்பிக்கொண்டு போகும்போது அதன் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து போகிறது. உள்ளே உயிர் போகிறது. மரணத்துக்கு உள்ள மரியாதை முழுவதையும் டிரையர் கொடுத்துத் தீர்த்துவிட்டார். சாமர்த்தியமாக எதையும் தாண்டவில்லை. அதனால் அற்புதம் வரும்போது அதற்கு விலை கொடுத்தாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. கண்ணைத் திறந்த இங்கர் புருஷனைக் கட்டிக்கொண்டு முதலில் கேட்பது குழந்தையைப் பற்றித்தான். குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர் அதை எடுத்த விதத்தைப் படத்தில் முன்பே கேட்டிருக்கிறோம். தெய்வ நம்பிக்கையே இல்லாத அந்தப் புருஷன், குழந்தை ஆண்டவனிடத்தில் இருக்கிறது என்று பதில் சொல்கிறான். பிணத்தை எழுப்பத் துணிந்த டிரையர் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட முடிவு ஹாலிவுட்டில் வராது என்பதும் சரியல்ல. 1931-ல், டென்மார்க் பேசும் படத்துக்குள் போன அதே வருஷத்தில், சாப்ளின் பேசமாட்டேன் என்று பிடிவாதமாக 'ஸிட்டி லைட்ஸ்' எடுத்தார். பார்வை பெற்ற பூக்காரி, தனக்கு உதவி செய்த கனவான் இந்தப் பரதேசிதான் என்று கையைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று சாப்ளின் சொல்லவில்லை. ஸ்டூடியோ அவருடையது, பணம் அவருடையது, கடைசி ரீலைத் தொட அங்கே வேறு கை இல்லை.

விண்டர்பெர்க் 2020-ல் எடுத்த 'இன்னொரு தடவை' என்ற படத்துக்குத்தான் 2021-ல் ஆஸ்கர் கிடைத்தது. வாழ்க்கை சலித்துப்போன நான்கு பள்ளிக்கூட வாத்தியார்கள் அளவாகக் குடித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்து அளவு தவறிப்போகும் கதை. நால்வரில் ஒருவர் இறந்துபோகிறார். அவரை அடக்கம் செய்த அன்றைக்கே, பரீட்சை தேறிய பையன்கள் துறைமுகத்தில் கூத்தடிக்கிறார்கள். அவர்கள் நடுவில் மற்றொரு வாத்தியாரான மார்ட்டின் கறுப்பு உடையோடு நடனம் ஆடுகிறார். ஆடிக்கொண்டே ஓடித் தண்ணீர்ப் பக்கமாக எம்புகிறார். உடம்பு அந்தரத்தில் இருக்கும்போதே படம் நின்றுவிடுகிறது. அது சந்தோஷமா, மறுபடியும் சறுக்கலா என்று எனக்கு இன்னும் நிச்சயப்படவில்லை. இந்தப் படத்தை அமெரிக்காவில் எடுக்கும் உரிமையை நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவின் கம்பெனி 2021-ல் வாங்கியது. மார்ட்டினை அவர்கள் அந்தரத்திலேயே விட்டுவைப்பார்களா, தண்ணீரில் இறக்கி, துவட்டி, மனைவியின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்களா என்பதைப் படம் வந்தால் பார்க்க வேண்டும்.